ருசு எங்கே?

அக்கிரமம் செய்தவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களிலே மிகவும் சௌகரியமானது, "தெரியாமல் நடந்துவிட்டது" என்பது. அதோடு கூடப் பிறந்த இன்னொரு வாக்கியமும் உண்டு: "ருசு எங்கே?" காரியம் நடந்துகொண்டிருக்கும்போது, "ருசு எங்கே?" என்று கேட்பார்கள். காரியம் முடிந்து, செத்தவர்களைப் புதைத்தும் ஆனபிறகு, "அப்போது யாருக்கும் தெரியாதே!" என்று கையை விரிப்பார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே எத்தனை உயிர்கள் நசுங்கிப் போக முடியும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஜப்பானில் உள்ள மினமாட்டா என்ற சின்னஞ்சிறு கடற்கரை ஊரின் கதையைப் படிக்க வேண்டும்.

மினமாட்டா என்றதும், "ஓ, பாதரச விஷமா!" என்று படித்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். கைகால் முறுக்கிக்கொண்ட குழந்தைகளின் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். "விஞ்ஞானம் அவ்வளவு வளராத காலம். என்ன செய்வது, பாவம்!" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சோடுதான் எனக்குச் சண்டை. நான் கதை எழுதுகிறவன். ரசாயன சாஸ்திரி அல்ல. ஆனால் மினமாட்டாவில் நடந்தது ரசாயனக் குழப்பம் அல்ல. அது சாட்சி சொன்னவர்களின் வாயைப் பொத்திய விவகாரம். அந்தச் சாட்சிகளிலே முதலாவதாக வந்து நின்றவை பூனைகள்.

ஜப்பானின் தெற்கே உள்ள கியூஷூ தீவில், குமமோட்டோ மாகாணத்தில் இருக்கிறது மினமாட்டா. முன்னால் ஷிரானுயி என்னும் அமைதியான உள்கடல். ஊரின் நடுவே சிஸ்ஸோ கம்பெனியின் ரசாயனத் தொழிற்சாலை. 1932-ஆம் வருஷம் முதல் அங்கே அசிடால்டிஹைடு என்னும் திரவத்தைத் தயாரித்தார்கள். பிளாஸ்டிக் சாமான்கள் வரையில் பல பொருள்களுக்கு அது மூலப்பொருள். அதைத் தயாரிக்கப் பாதரச உப்பைக் கிரியா ஊக்கியாக உபயோகித்தார்கள். அந்தக் காரியம் நடக்கையில் பாதரசத்தில் ஒரு பகுதி, மெத்தில் பாதரசம் என்ற இன்னொரு உருவத்தை எடுத்துக்கொண்டு கழிவு நீரோடு வாய்க்காலில் இறங்கி, விரிகுடாவில் கலந்தது. ஊருக்குச் சோறு போட்டது அந்த ஆலை. ஊரின் கடற்கரைக் குப்பங்களுக்குச் சோறு போட்டது அந்த விரிகுடா.

மீன்பிடிக் குப்பங்களில் பூனை வளர்ப்பது செல்லத்துக்காக மட்டும் அல்ல. வலையை எலி கடிக்காமல் இருக்க வேண்டும். கரைக்கு வரும் மீனில் கழித்துப் போட்டதெல்லாம் பூனைக்கு. 1950-களின் தொடக்கத்தில் மினமாட்டாக் குப்பங்களில் இந்தப் பூனைகள் தள்ளாட ஆரம்பித்தன. வாயில் நுரை தள்ளிற்று. நின்ற இடத்தில் சுழன்றன. சுவரில் போய் முட்டிக்கொண்டன. சில கடலில் விழுந்து செத்தன. பார்த்த ஜனங்கள் அதற்குப் 'பூனை ஆட்டம்' என்று பேர் வைத்தார்கள். காகங்கள் பறக்க மாட்டாமல் தரையில் விழுந்தன. மீன்கள் செத்து மிதந்தன.

1954-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் தேதி, குமமோட்டோப் பத்திரிகை ஒன்றில் ஒரு சிறு செய்தி வந்தது. மோடோ என்ற குப்பத்தில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட பூனைகள் பைத்தியம் பிடித்தாற்போல் ஆகிக் கிட்டத்தட்ட அனைத்தும் செத்துவிட்டன. எலித் தொல்லை தாங்க முடியவில்லை. எலியை ஒழிக்க நகரசபை உதவ வேண்டும் என்று குப்பத்து ஜனங்கள் கேட்கிறார்கள். இதுதான் செய்தி. எலியை ஒழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. நூறு பூனைகள் ஏன் செத்தன என்று கேட்க வேண்டும் என்பது அதிகாரத்தில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

பூனைக்கு முதலில் வந்ததில் மர்மம் ஒன்றும் இல்லை. அதன் உடம்பு சிறியது. உணவு முழுக்க மீன். மனிதனாவது மீனோடு சோறும் காயும் சாப்பிடுவான். தன் எடைக்குத் தக்கபடி கணக்கிட்டால் பூனை விழுங்கிய விஷம் பல மடங்கு அதிகம். மனிதனுக்கு நாளை வரப்போவது பூனைக்கு இன்றைக்கே வந்தது. பஞ்சாங்கம் பார்க்காமல், ஜோசியம் கேட்காமல், எதிர்காலத்தைக் கண்ணெதிரே காட்டிக்கொண்டு அந்தப் பிராணிகள் தெருவில் சுழன்றன.

அந்த நாளையும் வந்தது. 1956-ஆம் வருஷம் ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஆலையின் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச்சுக் குழறிற்று, வலிப்பு. சில நாட்களில் அவளுடைய தங்கைக்கும் அதே கதி. அண்டை வீடுகளிலும் அதேமாதிரி நோயாளிகள் இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் ஹாஜிமே ஹொசொகாவா, மே மாதம் முதல் தேதி, மூளையைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் ஒன்று பரவுவதாகச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். அந்த வருஷம் நவம்பரில் குமமோட்டோ சர்வகலாசாலை ஆராய்ச்சிக் குழு, இது தொற்று நோய் அல்ல, ஏதோ ஒரு கன உலோகத்தின் விஷம், அது விரிகுடாவின் மீன், சிப்பி வழியாக உடம்புக்குள் போகிறது என்று சொல்லிவிட்டது.

1956-லேயே சொல்லிவிட்டது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம், சுகாதார நிலையத்தின் தலைவர் விரிகுடாவில் பிடித்த மீனைப் பூனைகளுக்குப் போட்டுப் பார்த்தார். பூனைகள் ஆட ஆரம்பித்தன. நோயே இல்லாத வெளியூர்களிலிருந்து பூனைகளைக் கொண்டுவந்து குப்பங்களில் விட்டார்கள். அவையும் ஆடின. இதைவிடத் தெளிவான சாட்சி என்ன வேண்டும்? மாகாண அதிகாரிகள் உணவுச் சுகாதாரச் சட்டத்தைப் பிரயோகித்து விரிகுடா மீனைத் தடை செய்யலாமா என்று தலைநகரில் இருந்த சுகாதார மந்திரி அலுவலகத்தைக் கேட்டார்கள். 1957-ஆம் வருஷம் செப்டம்பரில் பதில் வந்தது. விரிகுடாவில் உள்ள மீன்கள் அத்தனையும் விஷமாகிவிட்டன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. ஆகையால் சட்டத்தைப் பிரயோகிக்க முடியாது.

இந்தப் பதிலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் சாம்பார் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணைப் பெற்றவர் என்ன செய்வார்? அண்டாவோடு சாம்பாரைக் கொண்டுபோய்க் கொட்டுவார். பருப்பில் கெடுதலா, புளியில் கெடுதலா, பாத்திரத்தில் களிம்பா என்பதெல்லாம் அப்புறம். "அண்டாவில் உள்ள ஒவ்வொரு கரண்டிச் சாம்பாரும் கெட்டுவிட்டது என்பதற்கு ருசு இல்லை, ஆகையால் அடுத்த பந்தியைப் போடுங்கள்" என்று சொல்லுகிற சம்பந்தி உலகத்தில் உண்டா? படிப்பறிவே இல்லாத சமையல்காரனுக்குத் தெரிந்த நியாயம் ஒரு தேசத்தின் சுகாதார இலாகாவுக்குத் தெரியவில்லை. அடுத்த பந்தி போட்டார்கள். அதற்கடுத்த பந்தியும் போட்டார்கள்.

விஷத்தின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கட்சி. மாங்கனீஸா, செலினியமா, தாலியமா என்று விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடியது குற்றம் அல்ல. விஞ்ஞானிகளின் தொழிலே அதுதான். தேடி முடியும்வரை வாய்க்காலைத் திறந்து வைத்திருந்தது குற்றம். விஷத்தின் பெயர் புத்தகத்துக்கு வேண்டும். நரம்புக்கு வேண்டியதில்லை. பெயர் தெரியாவிட்டாலும் நரம்பு சாகத்தான் சாகும்.

அது எப்படிச் சாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதரசம் என்றதும் நம்மவர்களுக்குச் சித்தர்களின் ரசவாதம் ஞாபகம் வரும், "ரசத்தை மருந்தாகச் சாப்பிட்டவர்கள் இல்லையா?" என்று கேட்பார்கள். ஒரே உலோகம்தான், ஆனால் உருவத்துக்கு உருவம் அதன் குணம் வேறு. வெள்ளித் துளியாக உருளும் பாதரசத்தை விழுங்கினால் அநேகமாக அப்படியே வெளியே போய்விடும். அதே துளி ஆவியாகி மூச்சோடு போனால் நுரையீரல் வழியே இரத்தத்தில் ஏறும். மெத்தில் பாதரசமோ எல்லாவற்றிலும் கொடியது. அது மீனின் சதையிலே புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. குடல் அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக உறிஞ்சிக்கொள்கிறது. கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

மூளைக்கு இரத்தத்திலிருந்து எது போகலாம், எது போகக்கூடாது என்று பார்த்து அனுப்ப உடம்பில் ஒரு காவல் உண்டு. மெத்தில் பாதரசம், புரதத்தின் கூறாகிய சிஸ்டீனோடு சேர்ந்துகொண்டால், அதன் உருவம் மூளைக்கு அவசியமான மெத்தியோனின் என்னும் சத்தைப்போல் ஆகிவிடுகிறது. காவல்காரன் ஏமாந்து கதவைத் திறந்துவிடுகிறான். உள்ளே போனதும் அது உயிரணுக்களின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது. கந்தகத்தையும் பாதரசத்தையும் பிரிப்பது லேசில் நடக்கிற காரியம் அல்ல. அந்தப் புரதங்கள் செயலற்றுப் போகின்றன, உயிரணு சாகிறது. சிறுமூளையில் உள்ள மிக நுண்ணிய அணுக்களும், பார்வைக்கான பகுதியும், தொடு உணர்ச்சிக்கான பகுதியும் முதலில் போகின்றன. சிறுமூளை கெட்டால் நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். பார்வைப் பகுதி கெட்டால், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் உலகம் சுருங்கிவிடும். விரல் நுனிகள் மரத்துப்போகும். செத்த மனிதர்களின் மூளையையும் செத்த பூனைகளின் மூளையையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது ஒரேவிதமான அழிவைக் கண்டார்கள். பூனை என்றும் மீனவன் என்றும் அந்த விஷம் பேதம் பார்க்கவில்லை. பேதம் பார்த்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

"ஆனாலும் அப்படி ஒரு வியாதி இருப்பது அப்போது உலகத்துக்கே தெரியாதே!" என்பவர்களுக்கு ஒரு விவரம். இங்கிலாந்தில் விதைக்குப் பூசும் மருந்து செய்த ஆலையில், மெத்தில் பாதரசத்தால் தாக்கப்பட்ட தொழிலாளர்களைப் பற்றி 1940-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்தபிறகு மூளையைச் சோதித்த அறிக்கை 1954-ல் வெளிவந்தது. மோடோ குப்பத்துப் பூனைகள் செத்த அதே வருஷம். அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத்தான் குமமோட்டோச் சர்வகலாசாலைக்காரர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். 1959-ஆம் வருஷம் ஜூலையில், காரணம் பாதரசம்தான் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். கழிவு வாய்க்காலின் வாயில் அள்ளிய சேற்றில் டன்னுக்கு 2 கிலோ பாதரசம் இருந்தது.

இப்போதாவது ருசு கிடைத்துவிட்டதல்லவா? கம்பெனி என்ன செய்தது? பெரிய மனிதர்களைப் பிடித்தது. ரசாயனத் தொழிலதிபர்கள் சங்கத்திலிருந்து ஒருவர், யுத்தம் முடிந்தபோது விரிகுடாவில் கொட்டிய வெடிமருந்துதான் காரணம் என்றார். தலைநகரத்துப் பேராசிரியர் ஒருவர், பாதரசமே இல்லை, அழுகிய மீனில் உண்டாகும் அமீன் என்ற பொருள்தான் காரணம் என்றார். தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழ்கிறவன் அழுகிய மீனைத் தின்று செத்தானாம்! சத்தியத்தை நேருக்கு நேர் மறுக்க முடியாதபோது அதன் பக்கத்தில் நாலு பொய்களை நிறுத்திவிட்டால் போதும். பார்க்கிறவர்கள், "படித்தவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருக்கிறது" என்று போய்விடுவார்கள். அந்த வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி, சுகாதார மந்திரிக்கு யோசனை சொல்லும் சபையே ஒருவகைப் பாதரசக் கூட்டுப்பொருள்தான் காரணம் என்று தீர்மானித்தது. அந்த முடிவுக்காக உழைத்த ஆராய்ச்சிப் பிரிவை மறுநாள் கலைத்துவிட்டார்கள்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே, சத்தம் போடாமல் ஒரு காரியம் நடந்தது. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஹொசொகாவா, தாமே பூனைகளை வைத்துச் சோதனை செய்துவந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். 400-ஆம் நம்பர் பூனைக்கு, 1959 ஜூலை 21-ஆம் தேதி முதல், அசிடால்டிஹைடுப் பகுதியின் கழிவு நீரையே தினம் 20 கன சென்டிமீட்டர் உணவில் கலந்து கொடுத்தார். இடையில் விரிகுடா இல்லை, மீன் இல்லை, வெடிமருந்து இல்லை, அழுகல் இல்லை. ஆலையிலிருந்து நேரே பூனையின் வயிற்றுக்கு. அக்டோபர் முதல் வாரத்தில் அந்தப் பூனை தள்ளாடிற்று. வலிப்பு வந்து சுழன்றது. அந்த மாதமே அதைக் கொன்று, உறுப்புகளைச் சோதனைக்கு அனுப்பினார். கம்பெனிக்கும் தெரிவித்தார்.

கம்பெனி, மேற்கொண்டு சோதனை வேண்டாம் என்றது. டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

இதற்குப்பிறகு மூன்று மாதம் முடிவதற்குள், டிசம்பர் 30-ஆம் தேதி, நோயாளிகளின் குடும்பங்களோடு கம்பெனி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இறந்தவர்களுக்கு 3 லட்சம் யென். உயிரோடு இருக்கும் பெரியவர்களுக்கு வருஷம் ஒரு லட்சம். குழந்தைகளுக்கு வருஷம் 30 ஆயிரம். அதற்கு நஷ்ட ஈடு என்று பெயர் இல்லை. 'அனுதாபப் பணம்' என்று பெயர். அதில் ஒரு ஷரத்து: பின்னால் எப்போதாவது ஆலையின் கழிவு நீரே காரணம் என்று தீர்மானமானாலும், நோயாளிகள் புதிதாக ஒன்றும் கேட்கக்கூடாது. 400-ஆம் நம்பர் பூனையின் கதையைத் தெரிந்துவைத்துக்கொண்டே எழுதிய ஷரத்து இது! பசியோடும் நோயோடும் வருஷக் கடைசியில் வந்து நின்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதே மாதத்தில் கழிவு நீரைச் சுத்தம் செய்கிற யந்திரம் ஒன்றையும் விழா நடத்தித் திறந்து வைத்தார்கள். ஊர் நிம்மதி அடைந்தது. அந்த யந்திரம் நீரில் கரைந்த பாதரசத்தை எடுப்பதற்காகச் செய்ததே அல்ல.

டாக்டர் ஹொசொகாவாவைப்பற்றி என்ன சொல்லுவது? அவர் கெட்டவர் அல்ல. நோயை முதலில் அறிவித்தவரே அவர்தான். ஆலைச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஆலையின் நீரைச் சோதித்த தைரியம் எத்தனை பேருக்கு வரும்? 1970-ஆம் வருஷம் ஜூலையில், புற்றுநோயால் படுத்த படுக்கையாய் இருந்தபோது, கோர்ட்டாருக்கு 400-ஆம் நம்பர் பூனையைப்பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் அந்த அக்டோபரில் கண்ணை மூடினார். அவரைப் போற்றுகிறவர்கள் அநேகர். நானும் பாதி போற்றுகிறேன். மற்றப் பாதியை எப்படிப் போற்றுவது? 1959-க்கும் 1970-க்கும் நடுவே பதினோரு வருஷம் இருக்கிறதே! மரணப் படுக்கையில் பேசிய உண்மை உத்தமமான உண்மைதான். ஆனால் அதே உண்மை பதினோரு வருஷத்துக்கு முன் தெருவுக்கு வந்திருந்தால்? கெட்டவர்களின் பொய்யை நம்பாமல் இருக்கலாம். நல்லவர்களின் மௌனத்தை எந்த ஊர் ஜனம் கண்டுபிடிக்க முடியும்?

அந்த மௌனத்தின் விலையைக் கணக்குப் போடலாம். பாதரசம்தான் என்று அறிவித்த மறுவருஷம், 1960-ல், அந்த ஆலையின் அசிடால்டிஹைடு உற்பத்தி உச்சத்தை எட்டிற்று. 45 ஆயிரம் டன்னுக்கு மேல். 1965-ல் ஜப்பானின் மறுபக்கத்தில், நீகாட்டா மாகாணத்து அகானோ ஆற்றங்கரையிலே அதே நோய் வெடித்தது. வேறு கம்பெனி; அதே தயாரிப்பு முறை; அதே விஷம். மினமாட்டாவில் பூனை சொன்னதைக் கேட்டிருந்தால் நீகாட்டாவில் மனிதர்கள் செத்திருக்க வேண்டாம்.

தாய்மார்கள் கதை இன்னும் கொடுமை. மினமாட்டாவில் மீனே சாப்பிடாத கைக்குழந்தைகள் முடமாகப் பிறந்தன. தாய்க்கோ நோய் லேசாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை. கருவில் இருக்கும் சிசுவை விஷம் அண்டாமல் நஞ்சுக்கொடி காக்கும் என்று வைத்தியப் புத்தகங்கள் நம்பிய காலம் அது. அதனால் அந்தக் குழந்தைகளுக்குப் பிறவி ஊனம் என்று சொல்லி அனுப்பினார்கள். உண்மையில் மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து தாயின் இரத்தத்திலிருந்து சிசுவுக்குப் போய், வளர்ந்துகொண்டிருக்கும் மூளையைத் தாக்குகிறது. தன் உடம்பு விஷத்தைத் தன் குழந்தைக்கு இறைத்துவிட்டதை அறிந்த தாய்க்கு எந்த ஷரத்தின் கீழ் எத்தனை யென் கொடுப்பது? 1962 நவம்பரில்தான் அந்தக் குழந்தைகளை நோயாளிகள் என்று ஒப்புக்கொண்டார்கள்.

"தேசம் யுத்தத்தில் தோற்றுக் கிடந்தது, தொழில் வளர வேண்டாமா? முன்னேற்றத்துக்கு ஒரு விலை உண்டு" என்று இன்னொரு கட்சி உண்டு. இதைச் சொல்கிறவர்கள் ஒருவராவது அந்த விலையைத் தாமே கொடுத்தவர்களாக இருந்தால் தலை வணங்கிக் கேட்டுக்கொள்வேன். விலை கொடுத்தவன் மீனவன். சரக்கை வாங்கிக்கொண்டு போனவன் வேறொருவன். ஒருவன் சாப்பிட்டதற்கு இன்னொருவனிடம் பணம் கேட்கிற ஹோட்டலுக்கு நாம் போவோமா? அந்தத் தயாரிப்பு முறையை 1968 மே மாதத்தில் நிறுத்தினார்கள். மனசாட்சி விழித்ததால் அல்ல. பெட்ரோலியத்திலிருந்து அதைவிட மலிவாகத் தயாரிக்கும் முறை வந்து, பழையது கட்டுப்படியாகவில்லை. நிறுத்தி நாலு மாதம் ஆனபிறகு, செப்டம்பர் 26-ஆம் தேதி, அந்த ஆலைதான் காரணம் என்று சர்க்கார் தீர்ப்புச் சொல்லிற்று. ருசு கிடைத்தது எப்போது என்று பார்த்தீர்களா? ருசுவால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று ஆனபிறகு!

1973 மார்ச்சில் குமமோட்டோக் கோர்ட், அந்த அனுதாபப் பண ஒப்பந்தம் நல்லொழுக்கத்துக்கு விரோதமானது, செல்லாது என்று தள்ளிற்று. ரசாயன ஆலை நடத்துகிறவன், தன் கழிவு நீரில் கெடுதல் இருக்குமோ என்று சந்தேகம் வந்த மாத்திரத்தில் ஆலையை நிறுத்தக் கடமைப்பட்டவன் என்றும் சொல்லிற்று. சந்தேகம் வந்த மாத்திரத்தில்! கல்யாண வீட்டுச் சமையல்காரனின் நியாயத்துக்கு நீதிபதியின் முத்திரை விழப் பதினாறு வருஷம் ஆயிற்று.

இதெல்லாம் ஜப்பான் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980-களில் நம் கொடைக்கானல் மலைமேல் வந்து உட்கார்ந்தது. பிற்பாடு அது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்ததைக் கண்டு ஜனங்கள் கிளர்ந்தபிறகு, 2001-ல் மூடினார்கள். கொடைக்கானல் ஏரியின் நீர், சேறு, மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதை 2006-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அங்கே வேலை செய்தவர்களின் உடல்நலம் கெட்டதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் கம்பெனி சொல்லிவந்தது. 2016-ல் பழைய தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு செய்து பணம் கொடுத்தபோதும், அதை மனிதாபிமானத்தால் கொடுப்பதாகவே சொன்னது. மினமாட்டாவின் அளவும் கொடைக்கானலின் அளவும் ஒன்றல்ல. விஷத்தின் உருவமும் ஒன்றல்ல. ஆனால் அனுதாபம், மனிதாபிமானம் என்ற இந்த இரண்டு அழகான சொற்களும் ஒரே அகராதியிலிருந்து எடுத்தவை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் கொடுக்கிற பணத்துக்கு உலகமெங்கும் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையை 2013-ல் குமமோட்டோவிலேயே கூடி நிறைவேற்றி, அதற்கு மினமாட்டாவின் பெயரையே சூட்டினார்கள். 2017-ல் அது அமுலுக்கு வந்தது. பெயர் வைத்ததில் குறைவில்லை. ஆனால் நோயாளி என்ற அங்கீகாரம் கிடைக்காதவர்கள் 128 பேர் கோர்ட்டுக்குப் போய், ஒஸாகா நீதிமன்றத்தில் தங்கள் பக்கம் தீர்ப்பு வாங்கியது 2023 செப்டம்பரில். பூனைகள் ஆடி எழுபது வருஷம் ஆகப்போகும் சமயத்தில். 2024 மே மாதம் முதல் தேதி, ஹொசொகாவா நோயை அறிவித்த அதே தேதியில், மினமாட்டாவில் சுற்றுச்சூழல் மந்திரி நோயாளிகளைச் சந்தித்தார். ஆளுக்கு மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்துக்குமேல் பேசியவர்களின் மைக்கை அதிகாரிகள் அணைத்துவிட்டார்கள். ஊர் கொதித்ததும் ஒரு வாரத்தில் மந்திரி திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டது சரிதான். ஆனால் மைக்கை அணைத்த கையைப் பார்க்கும்போது, 1959-ல் சோதனையை நிறுத்தச் சொன்ன கை ஞாபகம் வருகிறதா, இல்லையா?

ஆகவே, "அந்தக் காலத்தில் தெரியாது" என்று இனி யாராவது பெருமூச்சு விட்டால், நண்பர்களே, தயவுசெய்து தலையாட்டாதீர்கள். குப்பத்து ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. பத்திரிகைக்குத் தெரிந்திருந்தது. சர்வகலாசாலைக்குத் தெரிந்திருந்தது. கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர்களுக்குள் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அவர்கள்தான் ருசு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாளைக்கு நம் ஊர் ஏரியில் மீன் மிதந்தால், ஆற்றங்கரையில் மாடு நுரை தள்ளி விழுந்தால், வயலில் கொக்கு பறக்க முடியாமல் தத்தினால், "என்ன விஷம் என்று அறிக்கை வரட்டும்" என்று ஒருவர் வந்து சொல்லுவார். அறிக்கை நன்றாக வரட்டும். விஞ்ஞானிகள் பத்து வருஷம் வேண்டுமானாலும் ஆராயட்டும். அதற்கு முன்னால் வாய்க்காலை அடையுங்கள் என்று கேட்க நமக்கு ரசாயனப் பட்டம் வேண்டியதில்லை. வாய்க்காலை அடைத்து, பின்னால் அது நிரபராதி என்று தெரிந்தால், ஆலைக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பணமாகக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடைக்காமல் இருந்து, பின்னால் அது குற்றவாளி என்று தெரிந்தால், செத்த சிறுமூளையை எந்தக் கஜானாவிலிருந்து திருப்பிக் கொடுப்பது?